என் பேரில் ஒரு பயாஸ்

நாங்கள் குடியிருக்கும் வீடு அப்பா பெயரில் இருக்கிறது. கடை லைசென்ஸ் மனைவி பெயரில். ராசிக்காக அப்படி எடுக்கச் சொன்னது ஜோசியர். என் பெயருக்கு ராசி கிடையாதா என்று கேட்டேன். "நீங்க கல்லாவுல உக்காந்தாலே போதுங்க" என்று பேச்சை முடித்துவிட்டார். ஸ்கூட்டர் மகள் பெயரில். என் செல்போன் சிம் கூட மகனுடைய ஆதாரைக் காட்டி வாங்கியதுதான். குடும்பத் தலைவன் என்ற பதவி மட்டும் என்னிடம் இருக்கிறது. அந்தப் பதவியை வைத்துக்கொண்டு எங்கள் வீட்டில் ஃபேனை மூன்றிலிருந்து நான்குக்குத் திருப்பக்கூட முடியாது. அம்மாவுக்கு மூட்டு வலி.

இப்படிப்பட்ட எனக்கு, தலை நரைத்த பிறகு, என் பெயரிலேயே ஒரு பயாஸ் வாய்த்தது. அந்த பயாஸ் குடியிருக்கும் கம்ப்யூட்டர் உலகத்தில் எங்கும் கிடையாது. அது வேறு விஷயம்.

வேப்பந்தட்டையில், பெரம்பலூரிலிருந்து ஆத்தூர் போகும் சாலையில், விதையும் உரமும் பூச்சி மருந்தும் விற்கிறேன். எங்கள் பக்கம் மானாவாரி பூமி. மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம். மழை பெய்தால் ரொக்கம், பெய்யாவிட்டால் கடன். அந்தக் கடன் பூராவும் கடையிலிருந்த ஒரு கம்ப்யூட்டருக்குள் இருந்தது. விண்டோஸ் எக்ஸ்பி. அதில் விசுவல் பேசிக் 6-இல் எழுதிய பில் போடும் புரோகிராம். எழுதிக் கொடுத்தது திருச்சியில் ஒரு சின்னக் கம்பெனி. கம்பெனி எப்போதோ மூடியாகிவிட்டது. எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரலோடு கும்பிடு போட்டுவிட்டது. எனக்கு அதெல்லாம் கவலையில்லை. 2018-இல் படைப்புழு வந்து மக்காச்சோளக் காட்டையெல்லாம் மொட்டையடித்ததே, அந்த வருஷத்துப் பாக்கி இன்னமும் பைசா சுத்தமாக அதில் இருந்தது.

ஒருநாள் காலையில் அது எழுந்திருக்கவில்லை. சர்வீஸ் தம்பி வந்து திறந்து பார்த்தார். மதர்போர்டு போய்விட்டது, ஹார்ட் டிஸ்க் மட்டும் உயிரோடு இருக்கிறது என்றார். செய்தி எப்படித்தான் பரவியதோ, அன்று மதியத்துக்குள் அன்னமங்கலத்திலிருந்தும் கிருஷ்ணாபுரத்திலிருந்தும் துக்கம் விசாரிக்க ஆள் வர ஆரம்பித்துவிட்டார்கள். "அண்ணே, கம்ப்யூட்டர் போயிடுச்சாமே? கணக்கு எல்லாமேவா?" கேட்டவர்கள் முகத்தில் வருத்தம் இருந்தது. அதற்குப் பின்னால் என்ன இருந்தது என்பதும் எனக்குத் தெரிந்தது. ஒருவர் எனக்கு டீ கூட வாங்கிக் கொடுத்தார். அவர் பாக்கி எவ்வளவு என்று எனக்கு ஞாபகம் இல்லை என்பதை உறுதி செய்துகொண்ட பிறகு.

சென்னையில் வேலை பார்க்கும் மகனுக்குப் போன் போட்டேன்.

"டிஸ்க் நல்லா இருக்கில்லப்பா? அப்ப ஒரு வி.எம். போட்டுக்கலாம்."

"எவ்வளவு ஆகும்?"

"காசே கிடையாது. வர்ச்சுவல் மெஷின். உங்க லேப்டாப்புக்குள்ளயே இன்னொரு கம்ப்யூட்டர் இருக்கிற மாதிரி அது நடிக்கும். நாங்க இங்க ஒரு நாளைக்கு நூறு வி.எம். உருவாக்கி சாயங்காலம் அழிச்சிட்டுப் போறோம்."

ஒரு கம்ப்யூட்டர் வாங்கவே வீட்டில் மூன்று மாதம் மனு கொடுத்தவன் நான். இவன் நூறை உருவாக்கி அழிக்கிறானாம். பிரம்மாவும் சிவனும் ஒரே ஷிஃப்டில் வேலை பார்க்கும் இடம் போலிருக்கிறது.

அவன் சொன்ன பிறகுதான் படித்துப் பார்த்தேன். இந்த நடிப்பு புதிதல்ல. அமெரிக்காவில் கேம்பிரிட்ஜ் என்ற ஊரில் இருந்த ஐ.பி.எம். ஆட்கள் 1960-களிலேயே ஒரு பெரிய எந்திரத்தைப் பல எந்திரங்களாக நடிக்க வைத்திருக்கிறார்கள். 1972-இல் வி.எம்/370 என்று பெயர் வைத்து விற்கவும் ஆரம்பித்துவிட்டார்கள். மேஜைக் கம்ப்யூட்டருக்கு அந்த வித்தையை 1999-இல் கொண்டுவந்தது வி.எம்.வேர். நமக்குக் காசில்லாமல் கிடைக்கும் வர்ச்சுவல்பாக்ஸ் 2007-இல் வந்தது. ஜெர்மனியில் இன்னோடெக் என்ற கம்பெனி செய்தது. அந்தக் கம்பெனியை 2008-இல் சன் வாங்கியது, சன்னை 2010-இல் ஆரக்கிள் வாங்கியது.

வர்ச்சுவல்பாக்ஸை லேப்டாப்பில் போட்டு மெஷினை ஓட விட்டால், 'உங்கள் நிஜ பயாஸில் விடி-எக்ஸ் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது' என்கிற பொருளில் ஒரு செய்தி. விடி-எக்ஸ் என்பது வி.எம். ஓடுவதற்காக ப்ராசசரில் இருக்கும் வசதி. பொய்யான கம்ப்யூட்டரைச் செய்ய, முதலில் நிஜமான கம்ப்யூட்டரின் அடிமடியில் கை வைக்க வேண்டும்.

பயாஸ் என்ன செய்கிறது என்று மனைவிக்கு விளக்கினேன். கம்ப்யூட்டரைப் போட்டதும் விண்டோஸ் வருவதற்கு முன்னால், மதர்போர்டில் ஒரு சிப்புக்குள் இருக்கும் சின்னப் புரோகிராம் ஓடும். மெமரி இருக்கிறதா, கீபோர்டு இருக்கிறதா, டிஸ்க் எங்கே என்று சரிபார்த்துவிட்டு விண்டோஸை எழுப்பிவிட்டு ஒதுங்கிவிடும். மொத்தமாக ஃபர்ம்வேர் என்பார்கள். "எல்லாருக்கும் முன்னாடி எந்திரிச்சு, எல்லாத்தையும் பாத்து, எல்லாரையும் எழுப்பி விட்டுட்டு, அப்புறம் யார் கண்ணுக்கும் தெரியாது, அதானே?" என்றாள். ஆமாம் என்றேன். "நல்லாப் புரியுது" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள். விளக்கத்தை அங்கேயே நிறுத்தியிருக்கலாம் என்று தோன்றியது.

நிஜ பயாஸில் கை வைப்பது பயமான காரியம். அதைப் புதுப்பிக்கும்போது பாதியில் கரண்ட் போனால் போர்டு செத்த மாதிரிதான். கரண்ட் எங்கள் ஊரில் நல்ல காரியம் நடக்கும் நேரம் பார்த்துத்தான் போகும். தைவானில் ஒரு மாணவர் எழுதிய சி.ஐ.எச். வைரஸ் 1999 ஏப்ரல் 26-ஆம் தேதி வெடித்தபோது, டிஸ்கில் இருந்ததை அழித்ததோடு நிற்காமல், எழுத இடம் கொடுத்த பயாஸ் சிப்புகளிலும் குப்பையை எழுதிவிட்டுப் போனது. அப்படிப்பட்ட கம்ப்யூட்டர்களுக்குச் சிப்பையே மாற்ற வேண்டியிருந்தது. செர்னோபில் அணு உலை வெடித்த அதே தேதி என்பதால் வைரஸுக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. இதையெல்லாம் படித்துவிட்டு, இன்வர்ட்டர் சார்ஜ் பார்த்து, ராகுகாலம் பார்த்து, எஃப்2-வா எஃப்10-ஆ டெலீட்டா என்று தெரியாமல் எல்லாவற்றையும் அழுத்தி உள்ளே போனேன். நான் செய்ய வேண்டியிருந்தது ஒரே ஒரு இடத்தில் 'டிஸேபிள்ட்' என்றிருந்ததை 'எனேபிள்ட்' ஆக்குவது. ஆக்கினேன். வியர்த்துவிட்டது. குடும்பத்தில் யாரும் கவனிக்கவில்லை.

சர்வீஸ் தம்பி பழைய டிஸ்கை ஒரு டப்பாவில் மாட்டி லேப்டாப்பில் செருகி, உள்ளே இருந்ததை அப்படியே ஒரு கோப்பாகப் பிரதி எடுத்துக் கொடுத்தார். எக்ஸ்பிக்குக் காசு கொடுத்து வாங்கிய சிடியும் சாவியும் பீரோவில் இருந்ததால் அது சில முனகல்களோடு எழுந்து வந்தது. பச்சைப் புல்வெளி, நீல வானம். பில் புரோகிராமைச் சொடுக்கினேன்.

'இந்தக் கம்ப்யூட்டருக்கு உரிமம் இல்லை. எங்களைத் தொடர்பு கொள்ளவும்.' கீழே ஒரு லேண்ட்லைன் நம்பர். அந்த நம்பரும் உபயோகத்தில் இல்லை.

கம்பெனிக்காரர்கள் விவரமானவர்கள். ஒருவர் வாங்கி ஊருக்கெல்லாம் காப்பி போட்டுக் கொடுத்துவிடக் கூடாதே என்று, பயாஸுக்குள் இருக்கும் சீரியல் நம்பரைப் பார்த்துப் பூட்டுப் போட்டிருக்கிறார்கள். பூட்டியவர்கள் போய்விட்டார்கள், பூட்டு மட்டும் விசுவாசமாக இருக்கிறது. பெரம்பலூரில் அசெம்பிள் பண்ணின கம்ப்யூட்டராக இருந்திருந்தால் இந்த வம்பே இருந்திருக்காது என்றான் மகன். அப்படிப்பட்ட பல மெஷின்களில் சீரியல் நம்பர் இருக்க வேண்டிய இடத்தில் 'டு பி ஃபில்டு பை ஓ.இ.எம்.' என்றே இருக்கும். அதாவது, செய்து விற்பவர் நிரப்ப வேண்டிய கட்டம். நிரப்பாமலே விற்றுவிடுவார்கள். ஆயிரம் கம்ப்யூட்டருக்கும் அதுதான் சீரியல் நம்பர். நான்தான் கௌரவத்துக்குப் பிராண்டட் வாங்கியவன் ஆயிற்றே.

அசெம்பிள்டு கம்ப்யூட்டர் என்ற ஒன்று உலகத்தில் இருப்பதற்கே பயாஸ் காரணம். 1981-இல் ஐ.பி.எம். தன் பி.சி.யை வெளியிட்டபோது அதன் பாகங்கள் அநேகமாக வெளியில் கிடைத்தவைதான். பயாஸ் மட்டும் சொந்தச் சொத்து. அதன் எழுத்து முழுவதையும் கையேட்டிலேயே அச்சடித்து விற்றது ஐ.பி.எம். பெருந்தன்மை என்று நினைக்க வேண்டாம். படித்தவன் எவன் எழுதினாலும் 'எங்களைப் பார்த்து எழுதினாய்' என்று வழக்குப் போடலாமே! காம்பேக் கம்பெனி என்ன செய்தது என்றால், ஒரு குழுவைப் படிக்க வைத்து, அந்த பயாஸ் என்னென்ன செய்கிறது என்று மட்டும் எழுதி வாங்கியது. அந்தக் கையேட்டைக் கண்ணால் பார்த்திராத இன்னொரு குழுவிடம் அதைக் கொடுத்துப் புதிதாக பயாஸ் எழுதச் சொன்னது. 1982 நவம்பரில் அவர்கள் கம்ப்யூட்டரை அறிவித்தார்கள். 1984-இல் ஃபீனிக்ஸ் என்ற கம்பெனி அதே பாணியில் ஒரு பயாஸ் செய்து, கேட்டவர்களுக்கெல்லாம் விற்றது. அதன் பிறகு கம்ப்யூட்டர் செய்ய ஐ.பி.எம்.மாக இருக்க வேண்டிய அவசியம் இல்லாமல் போனது. பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் மாடிப்படிக்கு அடியில் ஸ்க்ரூடிரைவரோடு உட்கார்ந்திருந்தாலும் போதும்.

எங்கள் விஷயத்துக்கு வருகிறேன். பொய் மெஷினுக்கும் ஒரு பயாஸ் உண்டு. நிஜ மெஷினின் பயாஸை மாற்றப் பயப்பட வேண்டும். பொய் மெஷினின் பயாஸை ஒரு வரி அடித்து மாற்றலாம், பிடிக்காவிட்டால் அந்த வரியை எடுத்துவிடலாம். போர்டும் வேகாது, சிப்பும் மாற்ற வேண்டாம், கரண்ட் போனாலும் கவலையில்லை. இதைச் சொன்ன மகன், அந்த வரியையும் வாட்ஸ்அப்பில் அனுப்பினான். 'விபாக்ஸ்மேனேஜ் செட்எக்ஸ்ட்ராடேட்டா' என்று ஆரம்பித்து, மெஷின் பெயர், 'விபாக்ஸ்இன்டர்னல்', 'டிவைசஸ்', 'பிசிபயாஸ்', பூஜ்யம், 'கான்ஃபிக்' என்று சாய்கோடுகளாகப் போட்டுக்கொண்டே போய், கடைசியில் 'டிஎம்ஐ சிஸ்டம் சீரியல்' என்று முடிகிறது. அதற்குப் பக்கத்தில் பழைய நம்பரை எழுதினால், இல்லாத கம்ப்யூட்டர் செத்துப்போன கம்ப்யூட்டரின் நம்பரைச் சொல்லும்.

எழுதுவதற்கு முன், இப்போது அந்த பயாஸ் தன்னைப் பற்றி என்ன சொல்லிக்கொள்கிறது என்று பார்த்தேன். தயாரிப்பு: இன்னோடெக். தேதி: 2006 டிசம்பர் 1. இன்னோடெக்கை சன் வாங்கி, சன்னை ஆரக்கிள் வாங்கி, இத்தனை வருஷம் ஓடிவிட்டது. பயாஸில் மட்டும் இன்னும் இன்னோடெக். எனக்கு அந்த மெஷின் மேல் பெரிய பாசமே வந்துவிட்டது. எங்கள் வீட்டு மின் இணைப்பு இன்னமும் தாத்தா பெயரில்தான் இருக்கிறது. அவர் காலமானது நான் அரை டிராயர் போட்டிருந்த காலத்தில். பெயர் மாற்றப் பங்காளிகள் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும், பங்காளிகள் ஒன்றாக உட்கார்ந்து கையெழுத்துப் போடும் நிலைமையில் இருந்தால் நாங்கள் ஏன் பாகம் பிரிக்கிறோம்?

சீரியல் நம்பரைத் தேடிப் போனேன். செத்த சிபியுவின் முதுகில் ஒரு ஸ்டிக்கரில் இருக்கும் என்றார் சர்வீஸ் தம்பி. ஸ்டிக்கர் இருந்தது. அதன் மேல் வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் அடுக்கடுக்காக இருந்தன. முகப்பில் வைத்தால் சிடி போடும் இடத்தில் வழிகிறது என்று நான்தான் பின்பக்கம் வைக்கச் சொன்னேன். மனைவி பக்தியாக, ஒவ்வொரு வருஷமும் அதே இடத்தில், வெள்ளையாக ஓர் இடம் வசதியாக இருக்கிறதே என்று ஸ்டிக்கரின் நட்ட நடுவில் வைத்திருக்கிறாள். தண்ணீர் பட்டால் எழுத்தும் சேர்ந்து வந்துவிடும் என்று, தேங்காய் எண்ணெய் தொட்டு ஊற வைத்தோம்.

ஊறுகிற நேரத்தில் சும்மா இருக்க முடியவில்லை. மெஷினின் அமைப்புகளைத் திறந்தால், எத்தனை ப்ராசசர், எவ்வளவு மெமரி என்று என்னிடம் கேட்கிறது. என்னிடம்! ஏற்றினேன், இறக்கினேன், யாரும் ஏன் என்று கேட்கவில்லை. 'எனேபிள் இ.எஃப்.ஐ.' என்று ஒரு கட்டம் இருந்தது. மகன் தொட வேண்டாம் என்று சொல்லியிருந்த கட்டம் அது ஒன்றுதான், அதனால் அதைத்தான் முதலில் தொட்டேன். பயாஸுக்கு அடுத்த தலைமுறை இந்த இ.எஃப்.ஐ. இன்டெல் தன் இட்டானியம் சிப்புக்காக 1990-களின் கடைசியில் ஆரம்பித்தது, 2005-இல் பல கம்பெனிகள் சேர்ந்த மன்றத்தின் கைக்கு வந்தது. 2021-இல் வெளியான விண்டோஸ் 11 இது இருந்தால்தான் வருவேன் என்று கறாராக இருக்கிறது. என் எக்ஸ்பிக்கோ இதை அடையாளமே தெரியாது. கட்டத்தில் டிக் போட்டு ஓட விட்டதும் புல்வெளி வரவில்லை. கறுப்புத் திரையில் மஞ்சள் எழுத்தில் 'ஷெல்' என்று எழுதி, மேற்கொண்டு நீ சொல் என்று துடித்துக்கொண்டு நின்றது. டிக்கை எடுத்தேன். புல்வெளி திரும்ப வந்தது. ஒரு பிறவியை மாற்றி மறுபடி பழைய பிறவிக்குக் கொண்டுவர ஒரு டிக். சம்சாரியாக இருந்துகொண்டு இந்த அதிகாரத்தை எங்கே அனுபவித்திருக்கிறேன்?

அடுத்து லோகோ. மெஷின் எழும்போது வர்ச்சுவல்பாக்ஸ் என்று ஒரு படம் வருகிறது. அதற்குப் பதிலாக நம் படத்தை வைக்கலாம். கம்ப்யூட்டர் எழும் நேரத்து முதல் தரிசனத்தின் மதிப்பு அரசியல்வாதிகளுக்குத் தெரியும். உத்தரப் பிரதேசத்தில் 2013-இல் இலவசமாகக் கொடுத்த லேப்டாப்பைத் திறந்தால் முதலமைச்சர் அகிலேஷும் அவர் அப்பா முலாயம் சிங்கும் வந்து நின்றார்கள். நம் ஊரிலும் 2011 செப்டம்பரில் ஜெயலலிதா இலவச லேப்டாப் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். எங்கள் தெருவில் அந்த லேப்டாப்பின் பையில் இப்போது காய்கறி வருகிறது.

அம்மாவிடம் யாருடைய படம் வைக்கலாம் என்று கேட்டது என் தப்பல்ல, வளர்ப்பு அப்படி. "சிறுவாச்சூர் அம்மனை வை" என்றார். மதுரகாளியம்மன் எங்களுக்குக் குலதெய்வம். தேடி ஒரு நல்ல படம் எடுத்தேன். அதற்குள் அம்மாவுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

"ஏன்டா, உன் கடை என்னிக்கெல்லாம் தொறக்குது?"

"தினமும்தாம்மா."

"ஆத்தா கோயில்ல திங்களும் வெள்ளியும்தானே நடை தொறப்பாங்க. செவ்வாக்கெழம உன் பொட்டியில எப்படி வந்து நிப்பா?"

சிறுவாச்சூர் தெரிந்தவர்களுக்கு இந்தக் கேள்வியின் எடை தெரியும். மற்ற நாட்களில் அம்மன் மலைக்குப் போய்விடுவதாக ஐதீகம். கிழமை பார்த்து லோகோ மாற்றும் வசதி வர்ச்சுவல்பாக்ஸில் இல்லை. அதோடு இன்னொரு தடங்கலும் இருந்தது. படம் 256 நிறத்துக்குள் இருக்க வேண்டும், பி.எம்.பி. வகையாக இருக்க வேண்டும், 640-க்கு 480 புள்ளிக்கு மேல் போகக் கூடாது. பட்டுப்புடவை, பூமாலை, தீபம் எல்லாம் இருக்கும் படத்தை 256 நிறத்துக்குள் அடைத்தால் மாலை திட்டுத்திட்டாகிறது, தீபம் படி படியாக நிற்கிறது. கடைசியில் கைகொடுத்தவர் அரும்பாவூர்ப் பிள்ளையார். கல்யாணத்துக்கு வந்த வாகை மரச் சிற்பம், முன்னறையில் இருக்கிறது. எங்கள் தாலுகா அரும்பாவூரில் செதுக்கும் மரச் சிற்பங்களுக்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது ஊருக்கே தெரியும். தலை முதல் வாகனம் வரை மர நிறம் ஒன்றுதான், நிழலுக்கும் வெளிச்சத்துக்கும் 256 தாராளம். தும்பிக்கை மடிப்பில் உளி போன தடம் கூடத் தெரிந்தது. எவ்வளவு நேரம் காட்ட வேண்டும் என்று மில்லி செகண்டில் கேட்டது. "ஒரு தோப்புக்கரணத்துக்காவது நேரம் விடுங்க" என்றாள் மனைவி. 5000 என்று போட்டேன்.

"ஏங்க, அந்தக் கம்ப்யூட்டரே இல்லன்னீங்க. இல்லாததுக்கு எதுக்குச் சாமி?" என்றும் கேட்டாள். இதற்கு ஆதிசங்கரர்தான் பதில் சொல்ல வேண்டும்.

ஸ்டிக்கர் ஊறியிருந்தது. துணியால் ஒற்றி ஒற்றி எடுத்ததில் நம்பர் தெரிந்தது. பூராவும் எண்கள். நடுவில் ஓர் எண் மூன்றா எட்டா என்று வீட்டுக்குள் இரண்டு கட்சி. மகளின் செல்போன் கேமராவில் பெரிதாக்கிப் பார்த்து எட்டு என்று தீர்ப்பானது. வரியை அடித்து, நம்பரைப் போட்டு, மெஷினை ஓட விட்டால் அது எழவே மறுக்கிறது. பிள்ளையாரும் வரவில்லை. ஏதோ 'நாட் ஸ்ட்ரிங்' என்று முறைக்கிறது.

மகன் சிரித்தான். சீரியல் நம்பர் என்று பெயர் இருந்தாலும் பயாஸுக்கு அது நம்பர் இல்லையாம், எழுத்தாம். வெறும் எண்களாகக் கொடுத்தால் வர்ச்சுவல்பாக்ஸ் கணக்குப் போடும் எண் என்று எடுத்துக்கொண்டு குழம்பிவிடும். முன்னால் 'ஸ்ட்ரிங்' என்று எழுதி ஒரு முக்காற்புள்ளி வைத்துவிட்டு நம்பரை அடிக்க வேண்டும். வைத்தேன். பிள்ளையார் வந்தார், ஐந்து விநாடி அருள்பாலித்தார், புல்வெளி வந்தது.

புரோகிராமைத் திறப்பதற்கு முன் ஒரு காரியம் செய்தேன். சீரியலுக்கு அடுத்தாற்போல் 'டிஎம்ஐ சிஸ்டம் வெண்டர்' என்று ஒரு வரி எழுதலாம் என்று அதே வாட்ஸ்அப் செய்தியில் இருந்தது. எங்கள் புரோகிராமுக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. தேவையே இல்லாத வேலை. இன்னோடெக்கை எடுத்துவிட்டு என் பெயரை, இனிஷியலோடும் ஊரோடும், ஆங்கில எழுத்தில் அடித்தேன். பங்காளிகள் கையெழுத்துப் போடவில்லை, வாரிசுச் சான்றிதழ் கேட்கவில்லை, முத்திரைத்தாள் வாங்கவில்லை. அந்த மெஷினின் விவரத்தைக் கேட்டால், தயாரிப்பாளர் இன்னார், வேப்பந்தட்டை என்று வருகிறது. படம் எடுத்து மகனுக்கு அனுப்பினேன். "வாழ்த்துகள்ப்பா. கடைசியா உங்க பேர்ல ஒரு சொத்து" என்று பதில் வந்தது.

இந்தப் பெயர் மாற்றும் வேலையைப் பிழைப்பாகச் செய்கிறவர்களும் இருக்கிறார்களாம். வைரஸை ஆராய்கிறவர்கள் அதைப் பொய் மெஷினுக்குள் விட்டு என்ன செய்கிறது என்று கவனிப்பார்கள். விவரமான வைரஸ் உள்ளே வந்ததும் முதலில் பயாஸைத்தான் எட்டிப் பார்க்கும். வர்ச்சுவல்பாக்ஸ் என்றோ இன்னோடெக் என்றோ இருந்தால், ஆள் வைத்துப் பார்க்கிறார்கள் என்று புரிந்துகொண்டு சாதுவாக உட்கார்ந்துவிடும். அதனால் அந்த அடையாளங்களை அழித்து, யாரோ ஒரு சாமானியன் வீட்டுக் கம்ப்யூட்டர் என்று நம்புகிற மாதிரி எழுதி வைப்பார்கள். என் பெயரைப் பார்த்தால் எந்த வைரஸுக்கும் சந்தேகம் வராது என்பது மகனின் அபிப்பிராயம். இதே வித்தையை வைத்து, காசு கொடுக்காத விண்டோஸைக் காசு கொடுத்ததாக நம்ப வைக்கிற திருட்டு வேலையும் நடக்கிறதாம். அந்தப் பக்கம் நான் போகவில்லை. என்னிடம் காசு கொடுக்காதவர்களைப் பிடிக்கத்தான் இவ்வளவு பாடு.

குடும்பமே சுற்றி நிற்க, பில் புரோகிராமைச் சொடுக்கினேன். திறந்தது. பாக்கிப் பட்டியலைத் தொகை வாரியாக அடுக்கச் சொன்னேன். முதல் பெயர் மேலே வந்து நின்றது. என் மச்சான். மனைவியின் உடன்பிறந்த தம்பி. படைப்புழு வருஷத்து விதை, அதற்கு அடித்த மருந்து, அடுத்த வருஷத்து உரம், எல்லாம் வட்டியில்லாமல், தேதி வாரியாக.

வீட்டில் சத்தமே இல்லை. மனைவி கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தாள்.

"ஏங்க, இது இல்லாத கம்ப்யூட்டர்தானே?"

"ஆமா."

"அப்ப அதுல இருக்கிறதும் இல்லாத கடன்தான்."

பயாஸ் என் பெயரில் இருக்கிறது என்று சொல்லிப் பார்த்தேன். கடை என் பெயரில் இருக்கிறது என்றாள்.

அதற்குப் பிறகு மற்ற பாக்கிகள் ஒழுங்காக வசூலாகின்றன. டீ வாங்கிக் கொடுத்தவர்தான் முதலில் வந்து கட்டினார். கணக்கு திரும்பக் கிடைத்துவிட்டது என்று கேள்விப்பட்டு அவருக்கு வந்த சந்தோஷத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

கடை வைத்திருக்கும் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. பழைய புரோகிராம் ஓடும் பழைய மெஷின் உங்களிடம் இருந்தால், அது உயிரோடு இருக்கும்போதே டிஸ்கை முழுசாக ஒரு பிரதி எடுத்துவிடுங்கள். அதன் சீரியல் நம்பர், மாடல் நம்பர், மதர்போர்டு பெயர், பயாஸ் தேதி நான்கையும் ஒரு தாளில் எழுதி பீரோவில் வையுங்கள். வரும் சரஸ்வதி பூஜைக்குக் கம்ப்யூட்டருக்குப் பொட்டு வைக்கும்போது ஸ்டிக்கரை விட்டு நாலு விரல் தள்ளி வையுங்கள்.